பெயர் உண்டு, ஊர் இல்லை

சில திங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அருகே அமர்ந்திருந்த முதியவர் நூற்பாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்தவர். மழையைப் பற்றித் தொடங்கிய எங்கள் பேச்சு மலைக்கும் பருத்தி விலைக்கும் தாவி வளர்ந்தது. இறங்கும் வேளையில் அவர் மனநிறைவோடு, "பாய், நீங்க எவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறீங்க! வீட்டுல உருதுதானே?" என்றார். "இல்லை அண்ணாச்சி, எங்க அம்மா எனக்குத் தாலாட்டுப் பாடினதே தமிழ்லதான்" என்றேன். அவர் நாணிப்போனார். "சினிமாவுல உங்க ஆளுங்க வேற மாதிரிப் பேசுவாங்களே, அதை வச்சுக் கேட்டுட்டேன்" என்றார்.

முப்பது ஆண்டுகளாக அரபும் தமிழும் கற்பித்து வருபவன் நான். அப்பெரியவர்மீது எனக்குச் சினம் இல்லை. அடுத்த தெருவில் வாழும் மனிதனைக் காட்டிலும் திரையில் தோன்றும் நிழலை ஒருவர் நம்பும்படி நேர்ந்ததே, அதற்குக் காரணம் யாது என்னும் கவலைதான் எஞ்சியது. அக்கவலையே இக்கட்டுரையாக விரிகிறது.

மதரசாவில் ஓதியவனுக்குத் திரைப்படத்தைப் பற்றி எழுதும் வேலை எதற்கு என்று சிலர் வினவலாம். நம் பிள்ளைகள் நாள்தோறும் காண்பது எது என்பதை அறியாமல் அவர்களுக்குப் பாடம் சொல்வது எங்ஙனம்? பிறர் நம்மை எவ்வாறு காண்கின்றனர் என்பதை அறிவதும் கல்வியே அன்றோ?

அரபு அணியிலக்கணமாகிய பலாகத்தில் முதற்பாடமே, சூழல் எதை வேண்டுகிறதோ அதற்கேற்பச் சொல் அமைய வேண்டும் என்பதாகும். இதனை 'முக்தளல் ஹால்' என்பர். நம் தமிழ் மரபோ இதனினும் ஒருபடி மேற்சென்று, முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். இவற்றின்மேல்தான் உள்ளத்து உணர்வாகிய உரிப்பொருள் நிற்கும். நிலமும் உணவும் தொழிலும் இல்லாத மாந்தரிடம் உணர்வு மட்டும் பொங்கினால், அது வேரில்லா மரத்தில் பூத்த காகிதப் பூவே. இவ்விரு அளவுகோல்களையும் கைக்கொண்டு, நான் கண்ட சில படங்களையும் தொடர்களையும் நோக்குகிறேன்.

1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தை நான் முதன்முதலாகத் தொலைக்காட்சியில்தான் கண்டேன். பீம்சிங் இயக்கிய அப்படத்தில், இந்துப் பெற்றோருக்குப் பிறந்து இஸ்லாமியப் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்படும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் தோன்றினார். டி.எம். சௌந்தரராசனோடு நாகூர் ஹனீபாவும் குரல் கொடுத்த பெருநாள் பாட்டை இன்றும் நம் வீடுகளில் கேட்கலாம். ரஹீம் பேசுவது நல்ல தமிழ். இதற்காகவே அப்படத்தை வாழ்த்துகிறேன். ஆயினும் ஒரு குறை உண்டு. ரஹீமுக்குப் பிழை செய்யும் உரிமை இல்லை. முகத்தில் அமிலம் வீசப்பட்ட பின்னரும் அவன் புனிதனாகவே நிற்க வேண்டியிருக்கிறது. பொறுமையின் உச்சியில் நின்றால்தான் முஸ்லிமை நல்லவன் என ஏற்போம் என்பதும் ஒருவகை விலக்கமே.

பின்வந்த காலத்தில் அந்தத் தமிழும் பறிபோயிற்று. கடன் கொடுக்கும் சேட்டுக்கும் கடை வைத்திருக்கும் பாய்க்கும் வேறுபாடின்றி 'நம்பள்', 'நிம்பள்' என்னும் உடைந்த மொழியைத் திரை வழங்கியது. கூடத்தில் அது சிரிப்பை விளைத்தது. பேருந்தில் அப்பெரியவரின் வினாவையும் விளைத்தது.

1995இல் வந்த மணிரத்னத்தின் 'பம்பாய்' குறித்து நம்மவரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். அப்படத்தின் பஷீருக்குச் செங்கல் செய்யும் தொழில் இருக்கிறது. நெல்லைச் சீமையில் ஓர் ஊர் இருக்கிறது. சினமும் இருக்கிறது, இளக்கமும் இருக்கிறது. பகைத்து நின்ற இரு முதியவர்கள் பேரப் பிள்ளைகளின் முன்னே குழையும் காட்சிகள் மெய்யானவை. பஷீராக நடித்தவர் கிட்டி. இந்துத் தந்தை நாராயண பிள்ளையாக நடித்தவர் முஸ்லிமாகிய நாசர். இருவரும் ஒருவர் தோலுக்குள் மற்றவர் புகுந்து வாழ்ந்தனர். படத்தின் அரசியலோடு எனக்குப் பிணக்கு உண்டு. இவ்விரு முதியவரோடு பிணக்கு இல்லை.

2013இல் 'விஸ்வரூபம்' எழுப்பிய புயலை யாவரும் அறிவர். தமிழகத்தில் அது தடைபட்டு, பேச்சுவார்த்தைக்குப் பின் பிப்ரவரி 7ஆம் நாள் வெளிவந்தது. தடை கோரியது நம் தவறு என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒரு படத்திற்கு மறுமொழி விமரிசனமே, பூட்டு அன்று. ஆனால் என் விமரிசனம் இது. அப்படத்தின் நாயகனும் முஸ்லிமே, அவனோ காசுமீரி. ஆப்கானியத் தீவிரவாதி உமர் தமிழ் பேசுகிறான். கோவையிலும் மதுரையிலும் தங்கியிருந்ததே அதற்குக் காரணம் என்கிறான். நெடுநாள் கழித்துத் திரையில் ஒரு முஸ்லிமின் வாயில் தமிழ் மீண்டது. மீண்ட வாய் எத்தகையது பாருங்கள்! 1998இல் கோவையில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு பெருங்கொடுமை. அதனை மறைப்பதோ மழுப்புவதோ நேர்மையன்று. ஆனால் ஒரு கொடுமையின் செய்தித்தாளை மட்டும் படித்துவிட்டு, ஒரு சமுதாயத்தின் வாழ்வைப் படிக்காமல் விடுவதும் நேர்மையன்று.

2021இல் வந்த 'மாநாடு' படத்தில் நாயகன் பெயர் அப்துல் காலிக். ஒரு முஸ்லிம்மீது பழி சுமத்தும் சூழ்ச்சியே கதையின் முடிச்சு. வெங்கட் பிரபுவின் துணிவைப் பாராட்டுகிறேன். எனினும் காலிக் வானூர்தியில் வந்து இறங்குகிறான். காலச் சுழலில் சிக்குகிறான். அவன் வளர்ந்த தெருவைப் பார்க்கப் படத்துக்கு நேரமில்லை. பெயர் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

தமிழ்த் திரைக்குக் கருப்பொருள் தரத் தெரியாது எனல் பொருந்தாது. 1968இல் ஏ.பி. நாகராசன் எடுத்த 'திருமால் பெருமை' இந்த ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியாழ்வாரைப் பூவும் மாலையுமாகக் காட்டியது. திருமுருகனின் 'மெட்டி ஒலி' (2002–2005) ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் வீட்டை, அடுக்களைப் புகை நம் கண்ணில் படும் அளவுக்குக் காட்டியது. என் வீட்டுப் பெண்கள் அத்தொடரைத் தவறவிட்டதில்லை. அத்தகைய அடுக்களை ஒன்றில் நோன்புக் கஞ்சி கொதிக்கும் காட்சியை மட்டும் நான் இன்னும் தமிழ்த் தொடரில் கண்டிலேன்.

நம்மவர் கதையை நம்மவர்தான் எழுத வேண்டும் என்பது என் வாதமன்று. 1988 முதல் 1990 வரை தூர்தர்சனில் ஒளிபரப்பான 'மகாபாரதம்' தொடருக்கு உரையாடல் எழுதியவர் ராஹி மாசூம் ரசா என்னும் முஸ்லிம். காலமே கதை சொல்வதாக அமைந்த உத்தி, அத்தொடரைக் கண்டோர் நெஞ்சில் இன்றும் நிற்கிறது. பிறர் காப்பியத்தைத் தம் வீட்டுப் பொருளாக அவரால் எழுத முடிந்தது. ஏனெனில் அது அவர் பிறந்த மண்ணின் பொருள். அவ்வாறே நம் கதையை எழுதப் பிறரால் ஏன் முடியாது?

மலைக்கு அப்பால் மலையாளத்தார் இதனைச் செய்து காட்டினர். ஸக்கரியாவின் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) மலப்புறத்துக் கால்பந்துக் குழு ஒன்றின் கதை. நைஜீரியாவிலிருந்து ஆட வந்து காயமுற்ற இளைஞனை அங்குள்ள இரு முதிய தாய்மார் மகனாகப் பேணுகின்றனர். இவன் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி இவனுக்குத் தெரியாது. ஆயினும் அன்பு பொய்யாகவில்லை. காரணம், அத்தாய்மார் காலூன்றி நிற்பது சொந்த மண்ணில். பேசுவது சொந்தப் பேச்சு. பலாகத் கேட்பதும் இதுவே. திணை மரபு கேட்பதும் இதுவே.

ஈண்டு உமறுப் புலவரை நினைக்கிறேன். சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அவர் அரபு நாட்டைப் பாட வந்தபோது, மலையில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. பாலைவனத்தைத் தமிழ் மருதமாக்கினார் புலவர். தொலைவிலுள்ள மண்ணையும் தமிழனுக்கு அண்மையாக்கிய கற்பனை அது. நம் திரைப்படமோ நேர்மாறு செய்கிறது: தாமிரபரணியிலும் வைகையிலும் நீர் குடித்து வளர்ந்தவனைத் தொலைதேசத்தவனாக்கிக் காட்டுகிறது. மக்காவைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்த மொழிக்கு, மேலத்தெருவில் வாழும் பாயை மேலத்தெருவிலேயே காட்டுவது அரிதா?

பொருள் இல்லையென்றும் கூறவியலாது. தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இலேயே நூலாயிற்று. அவரது 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நம் பெண்களின் உள்வீட்டைத் திறந்து காட்டிற்று. நல்லவரும் தீயவரும் அஞ்சுவோரும் அடக்குவோருமாக நம் மனிதர்கள் குறைநிறைகளோடு அந்நூல்களில் வாழ்கின்றனர். திரைக்கு வருவோர் அவற்றைப் படிக்கட்டும். நம் இளைஞரும், திரை நம்மை இழிவுசெய்கிறது என்று சினந்து கொடி பிடிப்பதினும், பேனாவும் படக்கருவியும் பிடிப்பது நன்று.

நம்மை வாழ்த்திப் படம் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களுள் ஒருவனைக் கஞ்சனாகக் காட்டுங்கள்; கோழையாகக் காட்டுங்கள்; காதலில் தோற்றவனாகவும் காட்டுங்கள். ஆனால் அவன் தன் அம்மாவிடம் பேசும் தமிழை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். அப்போது இராசபாளையத்துப் பேருந்தில் ஒருவர் என் தமிழைப் பாராட்டமாட்டார். மழை எப்போது வரும் என்று மட்டும் கேட்பார். அந்த நாளை வல்ல இறைவன் விரைவில் அருள்வானாக!