பூவுக்கு முன்னால் காடா

ஒட்டுப் போர்வைக்குத் துணி எடுக்கப் போகிறவர் கண்ணைக் கவர்ந்த துணியை முதலில் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். முகப்பில் பூவும் கொடியும் இருக்கும். நாம் மயங்குவதற்காகத்தானே அதை அச்சடிக்கிறார்கள்! நெசவு தெரிவது பின்பக்கத்தில்தான். குவில்ட் என்பது நூற்றுக்கணக்கான துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடித்துணியோடு ஒன்றாகத் தைப்பது. அதில் ஒரு துண்டு சுருங்கினால் பக்கத்துத் துண்டுகளையும் இழுக்கும்; சாயம் விட்டால் எல்லாவற்றையும் கெடுக்கும். மோசமான சட்டைத் துணியால் ஒரு சட்டைதான் வீண். இங்கே சில மாத உழைப்பு வீண்.

பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிகளிலிருந்து வெளுக்காமல், சாயம் ஏற்றாமல் இறங்கும் பழுப்புத் துணியைக் காடா என்பார்கள். ஒரே பூ நல்ல காடாவிலும் விழும், மட்டமான காடாவிலும் விழும். கடையின் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் அக்கா தங்கைதான். நான் கொடுக்கும் காசு காடாவுக்கு, பூ இலவசம் என்று நினைத்துக்கொண்டே பேரம் பேசுவது என் வழக்கம்.

எண்களில் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்கக் குவில்ட் புத்தகங்கள் 60 என்று சொன்னால், அங்குலத்துக்கு 60 பாவு நூல், 60 ஊடை நூல் என்று பொருள். நம் கடையில் “அறுபதுக்கு அறுபதுக்கா” என்று சொன்னால் அது நூலின் நம்பர். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை தேறுகிறதோ அதுவே நம்பர். 60ஆம் நம்பர் நூல் பவுண்டுக்கு 50,400 கஜம் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நம் ஊரில் பரவலாகப் புழங்கும் கேம்ப்ரிக் இந்த 60ஆம் நம்பர் நூலில், அங்குலத்துக்கு 92 பாவும் 88 ஊடையுமாக நெய்தது. பாவும் ஊடையும் ஏறக்குறைய சமம் என்பதுதான் அதன் அழகு. வெட்டிய சதுரம் சதுரமாகவே நிற்கும், நகத்தால் கீறினாலே மடிப்புப் படியும், ஊசி முணுமுணுக்காமல் இறங்கும். பாப்ளினில் பாவு மட்டும் நெருக்கமாக இருப்பதால் ஒரு திசையில் விறைப்பு, மறு திசையில் வேறு குணம். சட்டைக்கு அது சரி. என் போர்வைக்குள் அதை விடமாட்டேன்.

கையில் எடுத்ததும் மொடமொடவென்று இருக்கும் துணியை நம்பக் கூடாது. பாதி மொடமொடப்பு கஞ்சியின் வேலை. ஒரு மூலையைக் கசக்கித் தேய்த்தால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும், துணியும் சட்டென்று தொய்ந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகள் ஒரே சீராகத் தெரிய வேண்டும். அங்கங்கே முடிச்சும் இடைவெளியும் தெரிந்தால் மடித்துக் கொடுத்துவிடலாம். கத்தரிக்கோலைத் தூர வைத்துவிட்டுக் கிழித்துக் கொடுக்கச் சொல்வது இன்னொரு வழி. கிழிசல் இழையோடு நேராகப் போகும். அந்த விளிம்பை ஒட்டி அச்சும் நேராக வந்தால் நல்லது. பூ வரிசை சாய்ந்து போனால் அந்தத் துணியில் கட்டங்களை வெட்டி அடுக்கும்போது தலைவலி நிச்சயம்.

இங்கே கிடைக்கிற பொக்கிஷம் என்று நான் நினைப்பது ரவிக்கைத் துணி. எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு மேட்சிங் சென்டர் இருக்கும். சுவர் முழுக்க அடுக்கடுக்காக டூ பை டூ. பாவிலும் ஊடையிலும் இரட்டை நூல் முறுக்கியது என்பதால் அந்தப் பெயர். மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் ஏழெட்டு மஞ்சள் இருக்கும். கத்திரிப்பூ நிறம் மட்டுமே ஒரு தட்டு. பென்சில்வேனியாவின் அமிஷ் பெண்கள் பூவோ கோடோ இல்லாத வெற்று நிறங்களை மட்டும் வைத்து உலகம் வியக்கும் போர்வைகளைத் தைத்தார்கள். அந்த மாதிரி வேலைக்கு வேண்டிய நிறப்பெட்டி நம் தெருமுனையிலேயே திறந்து கிடக்கிறது. சேலையின் முந்தானையைக் கையில் பிடித்தபடி நிறம் தேடும் கூட்டத்தில், எந்தச் சேலைக்கும் பொருந்தாத பத்து நிறங்களைக் கேட்டு நிற்பவளைக் கடைப்பையன் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பான். பார்க்கட்டும். ஆனால் டூ பை டூ என்ற பெயரிலேயே பாலியெஸ்டர் கலந்ததும் வருகிறது. இரண்டு இழையை உருவி வீட்டில் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: பருத்தி, காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும்.

சாயத்தில் கண்டிப்பு வேண்டும். அச்சு பிக்மென்ட் வகையாக இருந்தால் நிறம் பசையோடு துணியின் மேலே உட்கார்ந்திருக்கும். கை வைத்தாலே லேசான விறைப்பு. ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தால் எந்த நிறம் தங்கும், எந்த நிறம் ஓடும் என்று தெரியும். பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணையும் ரியாக்டிவ் சாயங்கள் 1956இல் சந்தைக்கு வந்தவை. அவற்றைச் சரியாக அலசி எடுத்திருந்தால் கவலை இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. சாயத் தொட்டியில் நிறத்தை இழைக்குள் ஏற்ற உப்பு உதவும். ஏற்றி முடித்த துணியில் அதற்கு வேலை இல்லை. வெட்டுமுன் ஒருமுறை துவைப்பதே வழி. அப்போதே சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். (1958இல் சென்னையிலிருந்து அமெரிக்கா போன கட்டத்துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டது. அதையே சிறப்பாக்கி விளம்பரம் செய்து விற்றுவிட்டார்கள். சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளைத் துண்டு வைத்துத் தைப்பவளுக்கு அந்தச் சாமர்த்தியம் உதவாது.)

விலைக்கு வருவோம். மீட்டர் விலையை மட்டும் கேட்கிறவர் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, கேட்க மறந்துவிடுகிறார். 36 அங்குலப் பன்னா மீட்டர் 100 ரூபாய், 44 அங்குலப் பன்னா 120 ரூபாய் என்றால் இரண்டாவதுதான் மலிவு. ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் வாரச்சந்தை, சென்னையில் பாரிமுனையை ஒட்டிய கோடவுன் தெரு, கரூர்ப் பக்கம் ஏற்றுமதியில் மிஞ்சிய விரிப்புத் துணிகள் என்று போக இடம் உண்டு. மொத்தக் கடையில் முழுச் சுருளாகத்தான் எடுக்கச் சொல்வார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் பிரித்துக்கொள்ளலாம். திருப்பூர் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அது பனியன் துணி. இழுத்த பக்கமெல்லாம் நீளும், சதுரம் என்ற சொல்லுக்கே கட்டுப்படாது. தையல்காரரிடம் மிஞ்சும் துண்டுகளை வாங்கலாம், கொளுத்திப் பார்த்துவிட்டு.

பழந்துணியை ஏளனமாக நினைப்பவர்கள் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் போர்வைகளின் படங்களையாவது பார்க்க வேண்டும். பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினக் குடும்பங்கள் தேய்ந்த வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்தவை. வெயிலில் வெளிறிப்போன கால்சட்டையில் பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் பழைய கருநீலத்தோடு நிற்கும். அந்த நீலச் சதுரத்தை எந்த ஆலையாலும் நெய்ய முடியாது. அதைக் கண்டு சரியான இடத்தில் வைத்தது தைத்தவளின் கண். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006இல் தபால்தலைகளாகவும் வந்தன. துணிக்குச் செலவு என்று பார்த்தால் அநேகமாக ஒன்றுமில்லை. சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போய், மிச்சம் நின்ற துணி அது.

அதனால்தான் அடித்துணிக்கு நான் கடைக்கே போவதில்லை. 90 அங்குலப் படுக்கை விரிப்புத் துணியை அடியில் போட்டால் இணைப்பே வராது என்பது உண்மைதான். ஆனால் அதன் நெருக்கமான நெசவில் கைத்தையல் ஊசி திணறும், விரல் புண்ணாகும். ஐந்தரை மீட்டர் பழைய பருத்திச் சேலை இருந்தால் குறுக்கே இரண்டாக வெட்டி ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் போதும், ஒரு கட்டிலுக்கு ஆகிவிடும். கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; கொசுவம் விழுந்த இடமும் கரையோரமும் முதலில் நைந்திருக்கும்.

கடைசியில் அளவு. ஆளை இழுக்கும் பெரிய பூத்துணிகளை வாரிக்கொண்டு வந்து, அவற்றுக்கு நடுவே வைக்க அமைதியான துணி இல்லாமல் தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பெரிய பூவுக்குக் கால் மீட்டர் தாராளம். பொடிக்கட்டம், வெளிர்சாம்பல், வெற்று நிறங்கள்தான் இரண்டு மூன்று மீட்டர் வேண்டும். கால் மீட்டரெல்லாம் கிழிக்க மாட்டோம் என்று கடையில் முகம் சுளித்தால் கட் பீஸ் கூடையைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய பூவெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பாதி விலைக்குக் கிடக்கும்.