தனி எது, பொது எது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மூன்றிலும் சேரி உண்டு, காலனி உண்டு. எஸ்டேட்டுக்கும் டேங்க் ஃபேக்டரிக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற நம்ம சனம் உண்டு. 2008 தொகுதி மறுவரையறை இவர்களை மூன்று விதமான வாக்காளர்களாக ஆக்கிவிட்டது.

பூந்தமல்லிக்காரருக்குச் சட்டமன்றமும் தனித்தொகுதி, நாடாளுமன்றத்துக்கான திருவள்ளூரும் தனித்தொகுதி. ஆவடிக்காரருக்குச் சட்டமன்றம் பொது, நாடாளுமன்றம் அதே திருவள்ளூர். அம்பத்தூர்க்காரருக்கோ இரண்டும் பொது. அவருடைய நாடாளுமன்றத் தொகுதியான ஸ்ரீபெரும்புதூர் 2004 தேர்தல் வரை தனித்தொகுதி, 2009-ல் பொதுவாகிவிட்டது. அம்பத்தூரில் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் ஆவடி. சாதி மாறவில்லை, அவமானம் மாறவில்லை, உரிமையின் அளவு மட்டும் மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் இதைக் கோடு போட்டே செய்தார்கள். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரம் சதுரமாக இருந்தது. 1957-ல் அதை 28 பக்கம் கொண்ட உருவமாக வெட்டி, கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர அத்தனை பேரையும் எல்லைக்கு வெளியே தள்ளினார்கள். 1960-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. ஒரு கூட்டத்தைப் பல தொகுதிகளில் சிதறடிப்பது, அல்லது ஒரே தொகுதிக்குள் போட்டு அடைப்பது. இரண்டும் அங்கே பழகிய தந்திரம்.

இங்கே கோடு போட்டது கட்சிக்காரர் அல்ல. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம். தலித் மக்கள் தொகை விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமுள்ள இடத்தில் தனித்தொகுதி அமைய வேண்டும், அவை மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவ வேண்டும் என்பது 2002 சட்டத்தின் விதி. அதன்படி தமிழ்நாட்டின் 234-ல் 44 தலித்துகளுக்கு. கணக்கு சரி. சூது கணக்கில் இல்லை, ஓட்டில் இருக்கிறது. பெரும்பாலான தனித்தொகுதிகளில் தலித் அல்லாதார் ஓட்டே அதிகம். நிற்பவர் நம்மவர், நிறுத்துவது கட்சித் தலைமை, ஜெயிக்க வைப்பது ஊர்த்தெரு. அப்புறம் அவர் யாருக்கு வாய் திறப்பார்? சேரியில் அடி விழுந்தால் "ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுக்குங்க" என்கிற எம்.எல்.ஏ.யை நாம் பார்த்ததில்லையா? அவரைத் திட்டிப் புண்ணியமில்லை. அவரை அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

இது 1932 செப்டம்பர் 24-ல் செய்த வேலை. அந்த ஆகஸ்டில் வந்த வகுப்புத் தீர்ப்பு நமக்கு 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதியாகத் தந்தது. அதோடு பொதுத் தொகுதியிலும் ஓட்டு உண்டு. காந்தியின் பட்டினிக்குப் பிறகு பூனா ஒப்பந்தம் 148 இடங்களைத் தந்துவிட்டு அந்த இரட்டை ஓட்டைப் பிடுங்கிக்கொண்டது. எண்ணிக்கை கூடியது, பிடி போனது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: நான்கு வேட்பாளர்களை முதல் சுற்றில் தலித்துகளே பொறுக்கி எடுப்பது. சுதந்திர இந்தியாவில் அதுவும் இல்லை.

1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எஸ்.நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனித்தொகுதியில் ஜெயிப்பவர், பதிவான தலித் ஓட்டுகளில் 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான். பட்டேல் எதிர்த்தார், திருத்தம் கைவிடப்பட்டது. நம் பிரதிநிதிக்கு நம் சம்மதம் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்பதையே பொறுக்காதவர்கள்தான் நமக்குத் தேச ஒற்றுமை பாடம் நடத்தினார்கள்.

"பொது" என்ற சொல்லையும் உரித்துப் பார்க்க வேண்டும். பொது என்றால் எல்லாருக்கும் என்று அர்த்தம். கட்சிகளின் அகராதியில் அதற்கு "உனக்கில்லை" என்று அர்த்தம். திருச்சி பொதுத்தொகுதியில் தலித் எழில்மலை ஜெயித்தது 2001-ல். அதை இன்னும் உதாரணம் காட்ட வேண்டியிருக்கிறது. தனித்தொகுதி நமக்குக் கொடுத்த இடம் என்று பேர்; மற்ற 190 இடத்திலிருந்து நம்மைத் தள்ளி வைக்கும் வேலியும் அதுவேதான்.

2001-ல் செய்த 84-வது திருத்தம், தொகுதிகளின் எண்ணிக்கையை 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்தது. 2025 மார்ச்சில் தென்னாட்டுத் தலைவர்கள் சென்னையில் கூடி, தமிழகத்தின் பங்கு குறையக் கூடாது என்றார்கள். நியாயம்தான். டெல்லியிடம் கேட்கிற அதே கேள்வியை ஊர்த்தெருவிடம் நாம் கேட்கக் கூடாதா? கோடு எந்தக் காலனியை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை வரைபடத்தோடு சேரியில் வந்து சொல்லட்டும். தனித்தொகுதி வேட்பாளரை முதல் சுற்றில் நாமே தேர்ந்தெடுக்க வழி செய்யட்டும். பொதுத்தொகுதியில் நம்மவரை நிறுத்தாத கட்சி சமூகநீதி பேசாதிருக்கட்டும். வரையறை உத்தரவு அப்பட்டமான தன்னிச்சையாக இருந்தால் நீதிமன்றம் அதைப் பார்க்கலாம் என்று 2024-ல், குஜராத்திலிருந்து வந்த ஒரு தனித்தொகுதி வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கதவு திறந்திருக்கிறது. கோடு விழுந்த பிறகு கூச்சல் போடுவதைவிட, விழும்முன் அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.