பழிப்புரையும் மறுப்புரையும்

பிற நாட்டார் ஒருவர் இந்தியாவைப் பழித்து எழுதும்போது அதற்கு விடை கூறும் முறை யாது? நெஞ்சு கொதிப்பது இயல்பே. ஆயின் கொதிப்பு மறுப்பாகிவிடாது. இவ்வேறுபாட்டை அறிய, 1927-இல் வெளிவந்த 'மதர் இந்தியா' என்னும் நூலும் அதற்கு எழுந்த மறுப்புகளும் தக்க சான்றாகும்.

அந்நூலை எழுதியவர் கேத்தரின் மேயோ என்னும் அமெரிக்க மாது. குழந்தை மணம், தீண்டாமை, தேவதாசி முறை, சுகாதாரக் கேடு ஆகியவற்றை அடுக்கிக் காட்டி, இத்தகைய மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகாதவர் என்ற எண்ணத்தை அவர் விதைத்தார். அவர் சுட்டிய கொடுமைகள் நாட்டில் இருந்தவையே. மருத்துவமனைக்கு வந்த கொடுமைகளை நாட்டின் பொது வாழ்வெனக் காட்டியதும், அதிலிருந்து அரசியல் முடிவு கட்டியதுமே அவர் செய்த பிழை. பிலிப்பைன்ஸ் நாட்டைப் பற்றி 1925-இல் வெளியிட்ட நூலிலும் அவர் அந்நாட்டு விடுதலைக்கு எதிராகவே வாதிட்டார் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது.

லாலா லஜபதி ராய் 1928-இல் 'அன்ஹேப்பி இந்தியா' என்ற மறுப்பு நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொன்ற கொடுமையை அதில் விரித்துரைத்தார். இவ்வாதத்தின் வலிமையையும் எல்லையையும் பிரித்தறிதல் வேண்டும். சமூகக் கொடுமை உள்ள நாடு தன்னாட்சிக்குத் தகாது எனின், அமெரிக்காவும் தகாததே. இதனால் மேயோவின் முடிவு வீழ்கிறது. குற்றச்சாட்டோ அப்படியே நிற்கிறது. விளையாடும் வயதில் மணமுடிக்கப்பட்ட சிறுமிக்கு அமெரிக்கக் கொடுமையை எடுத்துச் சொல்வதால் என்ன பயன்?

'இந்தியன் சோஷியல் ரிபார்மர்' இதழின் ஆசிரியர் காமாட்சி நடராசன் தஞ்சை மாவட்டத் தமிழர். அவரும் மறுப்பு எழுதினார். சமூகச் சீர்திருத்தத்தை வற்புறுத்தி நெடுங்காலம் எழுதி வந்தவராதலின், மேயோவின் கூற்றுகளை எடைபோடும் தகுதி அவருக்கு இருந்தது.

காந்தியடிகள் 1927 செப்டம்பர் 15-ஆம் நாள் 'யங் இந்தியா' இதழில் எழுதிய கட்டுரை பலரும் அறிந்தது. மேயோவின் நூல் சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை போன்றது என்றார் அவர். இத்தொடரை எடுத்தாள்வோர் பலர். கட்டுரையை முற்றும் படித்தவர் சிலரே. நூலாசிரியையின் நோக்கத்தையும் பொய்களையும் கடிந்த காந்தியடிகள், அதே கட்டுரையில், இந்தியர் ஒவ்வொருவரும் அந்நூலை ஓரளவு பயனுடன் படிக்கலாம் என்றும் கூறினார். குற்றச்சாட்டை அவர் வகுத்த வடிவில் மறுக்கலாம். அதன் உள்ளே கிடக்கும் உண்மையை மறுத்தல் ஆகாது என்பதே அவர் கருத்து. முதற்பாதியை மட்டும் ஓதுவது காந்தியடிகளுக்கே இழைக்கும் அநீதியன்றோ?

1929-இல் கோவை அ. அய்யாமுத்து தமிழில் எழுதிய நூலின் பெயர் 'மேயோ கூற்று மெய்யா பொய்யா'. எவரும் முதலில் கேட்க வேண்டிய வினா அதுவே. சொல்பவர் யாராயினும் சொல்லப்படும் பொருளை ஆராய்க என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வகுத்த நெறியும் இதுதான்.

எழுத்தால் அமைந்த மறுப்புகளினும் வலியது ஒன்று உண்டு. மேயோவின் நூல் வெளிவருமுன்பே, 1927 தொடக்கத்தில், ஹர்பிலாஸ் சார்தா குழந்தை மணத் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். 1929-இல் அது சட்டமாகி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மண வயதின் கீழெல்லையை வகுத்தது. சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை எதிர்த்து 1927-இல் தொடங்கிய முயற்சி 1947-இல் சட்டமாயிற்று. தம்மைத் திருத்திக்கொள்ள இயலாத மக்கள் என்ற பழிக்கு இதனினும் தெளிவான விடை ஏது?

அண்மைக் காலத்திலும் இப்பாடம் மாறவில்லை. 2012-இல் தில்லியில் நிகழ்ந்த கொடுமையைப் பற்றி 2015-இல் வெளிவந்த பி.பி.சி. ஆவணப்படத்தை இந்திய அரசு தடுத்தது. ஆனால் 2013-லேயே நீதிபதி வர்மா குழு அறிக்கை தந்திருந்தது. குற்றவியல் சட்டமும் திருத்தப்பட்டிருந்தது. உலகிற்கு எடுத்துக் காட்டத் தக்க விடை கையில் இருந்தும், தடையே பேசுபொருளாயிற்று.

மலாயாத் தமிழரும் இத்தகைய பழிக்குத் தப்பவில்லை. தோட்டத் தமிழர் கள்ளுக்கு அடிமைகள் என்ற பேச்சு வெள்ளையர் காலத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பினாங்கிற்கு அண்மையில் உள்ள கெடாவில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினர். குடி தம்மவரைக் கெடுக்கிறது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. தோட்டத்திற்குள் கடையை நடத்தவிட்டவர் யார் என்பதையும் மறக்கவில்லை. 1947-இல் போலீசாரோடு மோதலும் மூண்டது.

பழிப்புரை ஒன்று மாணவர் கைக்கு வரும்போது அதை ஒளிக்க வேண்டுவதில்லை. கூறப்பட்ட செய்தி மெய்யா, அதிலிருந்து கட்டிய முடிவு பொருந்துமா, அம்முடிவால் பயன் பெறுபவர் யார் என்று வரிசையாகக் கேட்கப் பழக்குவது தமிழாசிரியரின் கடமை. செய்தி மெய்யாயின், அதைத் திருத்த நம்மவர் செய்தது என்ன என்பது நான்காம் வினா. அதற்கு விடை இல்லாதபோது, எத்துணை அழகிய மறுப்புரையும் வெற்றுரையே.