287 மில்லியன் டாலர் திட்டமும் ஸ்ரீவைகுண்டமும்

மருத்துவமனைத் திட்ட ஆவணங்களை ஒரு மென்பொருள்காரன் ஏன் படிக்கணும்னு கேட்கலாம். எங்க தொழிலில் டாஷ்போர்டில் வராத கோளாறை யாரும் தொடுவதில்லை. அங்கேயும் அதே கதைதானான்னு பார்க்கத்தான்.

2019-ல் உலக வங்கி 287 மில்லியன் டாலர் கடன் கொடுத்த தமிழ்நாடு சுகாதார அமைப்புச் சீர்திருத்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. செலவுக் கணக்கைக் காட்டியதால் மட்டும் பணம் வந்துவிடவில்லை. ஒப்புக்கொண்ட பலன் கிடைத்ததா என்று சரிபார்த்த பிறகே வந்தது. மருத்துவமனைகளின் தரச்சான்று, சர்க்கரை, ரத்த அழுத்தம், விபத்துச் சிகிச்சை எல்லாம் இந்தக் கணக்கில் இருந்தன.

குறை எங்கே? இவை பெரும்பாலும் சாதாரண நாளின் அளவுகள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலில் சுமார் 800 பேர் எங்க ஊர் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டார்கள். சிக்கலான பிரசவம்னா தூத்துக்குடிக்கோ நெல்லைக்கோதான் ஓடணும். ரோடே இல்லாத அன்னைக்கு? தரச்சான்று இதுக்குப் பதில் சொல்லாது. மாநில சராசரியும் சொல்லாது.

தாலுகாவுக்கு இரண்டு எண் போதும். சிசேரியன் செய்யக்கூடிய இடத்துக்குப் போக எத்தனை நிமிடம்: சாலை இருக்கும்போது, இல்லாதபோது. இரண்டாவதுக்கு விடை இல்லாத தாலுகாவில் ரத்தம், மயக்க மருந்து டாக்டர், ஜெனரேட்டர் மூன்றும் மழைக்கு முன்பே இருக்கணும். பணத்தை அந்த எண்ணோடு முடிச்சுப் போட்டால், அக்டோபரிலேயே யாராவது வந்து கணக்குக் கேட்பார்கள்.