காரின் அடியில் மெழுகா, தாரா?

மலேசியாவின் கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் புதுக் கார் எடுப்பவரிடம் கூடவே "அண்டர்கோட்" விற்க முயல்வார்கள். பெரும்பாலும் அது தாரும் ரப்பரும் கலந்த தடித்த கருப்புப் பூச்சு. அதற்குப் போட்டியாக நிற்பது மெழுகுப் பூச்சு. இரண்டில் எது தகும் என்பதை இந்த ஊரின் ஈரத்தையும் மண்ணையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெழுகுப் பூச்சு பெயர் பெற்றது பனிநாடுகளில். அங்கே பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். கெடாவில் அந்த உப்பு இல்லை. ஆனால் குவாலா கெடாவில் கடற்காற்று உண்டு. மீன் வண்டிகளின் அடியில் சொட்டும் தண்ணீரிலும் உப்பு உண்டு. செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. உர மூட்டை ஏற்றும் தோட்ட வண்டியில் அது சிந்தி ஈரத்தோடு சேர்ந்தால், கடலுப்பைப் போலவே இரும்பை அரிக்கும். 2010 நவம்பரில் வட கெடாவை மூழ்கடித்தது போன்ற வெள்ளம் வந்தால், வண்டியின் உட்குழிவுகளில் சேறு புகுந்து தங்கிவிடும்.

தார்ப்பூச்சின் பலம் தடிமன். கல்லடியைத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும். வயதானால் அந்தத் தடிமனே பகையாகிறது. இறுகி வெடித்த இடத்தில் நீர் உள்ளே போகும், வெளியேற வழி இருக்காது. மேலே கருப்பு பளபளக்க, அடியில் தகடு ஓட்டையாகும். துருவின் மேல் இதை அடித்த பழைய காரை வாங்குபவர் ஏமாந்துதான் போவார்.

மெழுகு இறுகுவதில்லை. நீர்த்த நிலையில் அடிக்கும்போது இணைப்புகளின் இடுக்குக்குள் ஊர்ந்து செல்லும். கரைப்பான் ஆவியானதும் நீரை ஒட்டவிடாத படலமாகத் தங்கும். தார் எட்டாத மூடிய உட்குழிவுகளுக்கும் அது போகும். துரு பல நேரம் உள்ளிருந்து தொடங்குவதால் இது சிறிய சிறப்பு அல்ல. குறையும் உண்டு. கல்லடியில் எளிதில் உரியும். கார் வாஷில் வண்டியைத் தூக்கி அழுத்த நீர் பாய்ச்சும் நம் பழக்கம் அதைப் பெயர்த்துவிடும். ஓரிரு ஆண்டுக்கொரு முறை பார்த்து, தேய்ந்த இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும். புகைக்குழாயிலும் பிரேக்கிலும் படவே கூடாது.

இன்றைய கார்களின் உடற்கூட்டை ஆலையிலேயே தொட்டியில் முக்கி, மின்னோட்டத்தின் உதவியால் அடிப்பூச்சைப் படியவைக்கிறார்கள். 1985-இல் சாலைக்கு வந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கு இன்று இருக்கும் கூடுதல் பூச்சின் தேவை, இந்த ஆண்டு வாங்கிய காருக்கு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டுக்கும் வேலைக்குமாக நகருக்குள் ஓடும் புதுக் காருக்கு இரண்டுமே வேண்டாம். கதவடியிலும் பக்கச் சட்டத்திலும் உள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்து, வெள்ளத்தில் போய்வந்தால் அடியை நல்ல தண்ணீரில் கழுவினாலே போதும். கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கும், மீனோ உரமோ ஏற்றும் வண்டிக்கும், பழைய காருக்கும் மெழுகே சரி. அதையும் முதலில் உட்குழிவுகளில், துருவைச் சுரண்டி நன்றாக உலரவிட்ட தகட்டில் அடிக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டின் மேல் தார் அடிக்கச் சொல்லும் பட்டறைக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசு தகட்டை வெட்டி ஒட்டவைக்கும் வெல்டருக்குப் போகட்டும்.