பள்ளம் எவ்வளவு ஆழம்?

வேப்பூர், விருத்தாசலம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு அந்த முழக்கம் பழகியிருக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் வழவழப்பான டைல்ஸ். தவிலின் ஒவ்வோர் அடியும் அவற்றுக்கிடையே படபடவென்று மோதித் திரும்ப, சொற்கட்டு குழம்பிப்போகிறது. இதைத் தீர்க்க ஒலியைச் சிதறடிக்கும் மேடுபள்ளச் சுவர் நல்ல வழி. கம்பளமும் பஞ்சும் ஒலியை விழுங்கிவிடும். இது விழுங்காமல் பல திசைக்கும் பிரித்து அனுப்பும்.

வியன்னாவில் 1870-இல் திறந்த முசிக்வெரைன் அரங்கில் சிலைகளும் மாடங்களும் இந்த வேலையைத் தாமாகவே செய்தன. 1970-களில் இயற்பியலாளர் மான்ஃபிரட் ஷ்ரோடர் இதற்குக் கணக்கு வகுத்தார். ஏழு பள்ளங்களின் ஆழம் 0, 1, 4, 2, 2, 4, 1 என்ற விகிதத்தில் இருந்தால், ஒலி ஏறக்குறைய சமமாகச் சிதறும். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 68 செ.மீ. அதிலிருந்தே சிதறல் தொடங்க, மிக ஆழமான பள்ளம் 19 செ.மீ. இருக்க வேண்டும்.

இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. 5 செ.மீ. ஆழ அலங்காரப் பலகைக்கு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிதான் வசப்படும். தம்புராவின் நுண்ணிய மேல் நாதங்களை அது தொடும். பாடகரின் குரலில் பெரும்பகுதிக்கும், மூன்று மீட்டருக்கு மேல் அலைநீளமுள்ள மிருதங்கத் தொப்பி (இடப்பக்க) நாதத்துக்கும் அது வெறும் தட்டைச் சுவர்தான். அதற்குச் செலவழிப்பது வீண் என்றே சொல்வேன்.

ஆழம் சரியாக இருந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. ஹாம்பர்க்கின் எல்ப்ஃபில்ஹார்மனி அரங்கில் (2017) சுமார் 10,000 ஜிப்சம் பலகைகளைச் செதுக்கிப் பதித்தார்கள். ஆனாலும் 2019 ஜனவரியில் ஓபரா பாடகர் யோனாஸ் காஃப்மன் பாடியபோது, குரல் கேட்கவில்லை என்று சில ரசிகர்கள் அரங்கிலேயே குரலெழுப்பினார்கள். மேடைக்குப் பின்னால் அமர்ந்தவருக்குப் பாடகரின் முதுகுதான் எதிரே; எந்தச் சுவரும் அதை ஈடுசெய்யாது. மேடையருகே பக்கச்சுவர் முழுதும் சிதறடித்தால், குரலுக்கு நெருக்கம் தரும் முதல் பிரதிபலிப்பும் வலுவிழக்கும். ஆகவே முதலில் பின்சுவர், பிறகு பக்கச்சுவரின் மேற்பகுதி என்று வைப்பதே என் தேர்வு.

விருத்தாசலத்துப் பீங்கான் இதற்கு ஏற்ற பொருள். மெருகேற்றிய பீங்கான் ஒலியை மிகச் சொற்பமாகவே உறிஞ்சும். சூளையில் மண் சுருங்கும் அளவைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாக்குவது அங்கே அன்றாட வேலை. எடை கூடும், சுவரில் மாட்டுவது சிரமம்தான். ஆனால் 19 செ.மீ. ஆழத்தை அந்த அச்சில் கொண்டுவர முடியும். தடுப்பது தொழில்நுட்பமல்ல, மண்டபம் கட்டுபவர்கள் அதைக் கேட்காததுதான்.