தயவும் கிருபையும்: ஒரு கணிப்பொறி விளையாட்டில் கிரேக்கரின் மன்றாட்டு

கணிப்பொறி விளையாட்டு ஒன்றைக் குறித்து இறையியல் இதழில் திறனாய்வு எழுதுவது வாசகருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நூலும் நாடகமும் திரைப்படமும் கடவுளைப்பற்றிய மாந்தரின் எண்ணங்களை உருவாக்குகின்றன என ஒப்புக்கொள்ளும் நாம், வாலிபர் பல மணி நேரம் செலவிடும் இவ்விளையாட்டுகளை மட்டும் ஆராய்ச்சிக்குப் புறம்பானவை என ஒதுக்கிவிட இயலாது. இங்கு நாம் எடுத்துக்கொள்வது 'ஏஜ் ஆப் மித்தாலஜி' என்னும் போர்த்தந்திர விளையாட்டு. என்செம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் உருவாக்க, மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2024 செப்டம்பரில் 'ரீடோல்ட்' என்னும் அடைமொழியுடன் இது புதுப்பதிப்பாகவும் வந்தது. கிரேக்கர், எகிப்தியர், வடநாட்டு நார்ஸ் மக்கள் ஆகிய மூவினத்தாருள் ஓரினத்தை ஆடுவோர் தெரிந்துகொள்வதாக முதற்பதிப்பு அமைந்தது. அவற்றுள் கிரேக்கரை மட்டும் நோக்குவோம். லீஸ்திராவிலும் அத்தேனேயிலும் எபேசுவிலும் ஆதித்திருச்சபை எதிர்கொண்ட தெய்வங்கள் அவர்களுடையனவே.

நமது நோக்கம் கண்டனம் அன்று. சீகன்பால்கு 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிலிருந்து தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து எழுதிய நூலை நினைவுகூர்தல் நலம். தாம் ஏற்காத வழிபாட்டை, அதில் வாழ்ந்த மக்களிடமே கேட்டு, அவர்தம் சுவடிகளைப் படித்து அவர் எழுதினார். அந்நூல் 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சேறியது. ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற பாடம். வாலிபர் கையிலுள்ள விளையாட்டுக்கும் அப்பாடம் பொருந்தும்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆடுபவர் முதலில் சீயஸ், போசைடன், ஹேடிஸ் ஆகிய பெருந்தெய்வங்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். பின்னர்க் கிராமத்தாரை வேலைக்கு அனுப்பி உணவு, மரம், பொன் ஆகியவற்றைச் சேர்க்கிறார். நான்காவது செல்வம் 'தயவு'. சில கிராமத்தாரைக் கோயிலுக்கு அனுப்பினால், அவர்கள் அதனைச் சூழ்ந்து நின்று மன்றாடுவர். திரையில் தயவின் எண்ணிக்கை சிறிது சிறிதாக உயரும். மன்றாடுவோர் பெருகப் பெருக, ஒவ்வொருவர் மன்றாட்டின் விளைவும் குறையும். எகிப்தியர் நினைவுச் சின்னங்கள் கட்டியும், நார்ஸ் மக்கள் போர்புரிந்தும் தயவைப் பெறுகின்றனர். மன்றாட்டினால் பெறுவோர் கிரேக்கரே. இவ்வாறு சேர்த்த தயவைக் கொடுத்து மினோட்டார், ஒற்றைக்கண் அரக்கன், மெதூசா முதலிய புராண உயிர்களைப் படையில் சேர்க்கலாம்.

இவ்வமைப்பில் பாராட்டத்தக்கது ஒன்றுண்டு. மன்றாடுகிறவன் அவ்வேளையில் மரம் வெட்டுவதில்லை. பொன் தோண்டுவதும் இல்லை. வழிபாட்டுக்கு விலை உண்டு, அவ்விலை மனிதரின் உழைப்பு நேரம் என்பதை இவ்விளையாட்டு மறைக்கவில்லை. 1969ஆம் ஆண்டில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிய நாள்முதல் ஷிப்டு முறைப்படி வாழ்ந்துவரும் மணலி மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. இரவு ஷிப்டு முடித்து உறங்காமலே ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவரும், ஒரு நாட்கூலியை இழந்து பெரிய வெள்ளியைக் கைக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளரும் அதை நன்கறிவர். பிரசங்க பீடத்தில் நிற்கும் நாம் அதைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

கிரேக்கருக்கு நேர்ந்த அநீதி

ஆயினும் இவ்விளையாட்டு கிரேக்கரின் சமயத்தை உள்ளவாறு காட்டுகிறதா? காட்டவில்லை என்பதே நமது கருத்து. ஒரு யுகத்திலிருந்து அடுத்த யுகத்திற்கு முன்னேறும்போது, இரு சிறு தெய்வங்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீயஸை வணங்குவோர்க்கு முதலில் அதீனாவோ ஹெர்மிஸோ கிடைப்பர். விடப்பட்ட தெய்வம் சினங்கொள்வதில்லை. கிரேக்கரின் உண்மையான அச்சமோ இதுவே. கி.மு. 428இல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் நாடகத்தில், ஹிப்போலிட்டஸ் ஆர்ட்டெமிஸை மட்டும் போற்றி அப்ரோடைட்டியைப் புறக்கணித்தமையாலே அழிகிறான்.

இன்னொரு சான்றும் காட்டலாம். ஆட்டத்தில் கொள்ளைநோய் என்பது ஏரிஸ் அளிக்கும் ஆயுதம். எதிரியின் பாசறைகள் புதிய வீரரைத் தராதபடி அது தடுக்கும். ஹோமரின் இலியட் காவியமும் கொள்ளைநோயுடனேயே தொடங்குகிறது. ஆனால் அங்கு அப்பொல்லோ அதனை அனுப்புவது கிரேக்கரின் பாசறைமேல். தன் மகளை மீட்க வந்த பூசாரியை அகமெம்னன் அவமதித்ததே அதற்குக் காரணம். ஹோமரின் தெய்வம் தன்னை வணங்குவோரின் அரசனையும் கண்டிக்க வல்லது. விளையாட்டின் தெய்வமோ ஆடுபவரை ஒருபோதும் கண்டிப்பதில்லை. தொடர்கதைப் பகுதியில் அர்க்கந்தோஸ் என்னும் வீரனுடன் அதீனா பேசுகிறாள் என்பது உண்மையே. ஆனால் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் கிராமத்தானுடன் எத்தெய்வமும் பேசுவதில்லை. அவனுக்காக எதுவும் செய்வதுமில்லை. அவனது மன்றாட்டின் பலன் முழுவதும் அவனை அனுப்பியவருக்கே சேர்கிறது.

இரு பதிப்புகளின் வேறுபாடு

முதற்பதிப்பில், தெரிந்துகொண்ட தெய்வம் தனக்குரிய ஓர் அற்புத வல்லமையை விலையின்றி அளித்தது. சீயஸின் இடி, எதிரிப் படையில் ஒருவனை, அவன் எத்துணை வல்லவனாயினும், வீழ்த்தும். ஆனால் அவ்வல்லமையை ஒரே முறைதான் பயன்படுத்தலாம். பெற்றவர் அதைக் காத்திருந்து, எண்ணிப்பார்த்துச் செலவிட்டார். 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலோ முதன்முறை மட்டும் விலையில்லை. பின்னர், பெரும்பாலான வல்லமைகளை இடைவெளி விட்டுத் தயவைக் கொடுத்து மீண்டும் மீண்டும் பெறலாம். ஆட்டத்தின் சுவைக்கு இம்மாற்றம் உதவியிருக்கலாம். இறையியல் நோக்கில், ஈவாக இருந்தது வாணிபமாயிற்று. வல்லமையைப் பணத்தினால் பெற விரும்பிய சீமோனின் கதையை (அப்போஸ்தலர் 8) மாணவர் இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

இடியை ஆயுதமாக்கும் ஆசை கிரேக்கருக்கு மட்டும் உரியதன்று. இடிமுழக்க மக்கள் எனப் பெயர்பெற்ற யாக்கோபும் யோவானும், தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியக் கிராமத்தின்மேல் வானத்து அக்கினியை வரவழைக்கலாமா எனக் கேட்டனர் (லூக்கா 9:51–56). ஆண்டவர் திரும்பி அவர்களையே அதட்டினார். பின்பு வேறொரு கிராமத்திற்குப் போனார். கையில் வல்லமையிருந்தும் பயன்படுத்தாமல் கடந்துபோதல் இவ்விளையாட்டில் தோல்விக்கு வழி; நற்செய்தியில் அதுவே சிலுவைக்குச் செல்லும் வழி.

நமது ஆலயங்களின் நிலை

மணலியிலோ எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ உள்ள கிறிஸ்தவ வாலிபன் எவனும் இவ்விளையாட்டினால் சீயஸை வணங்கப்போவதில்லை. நாம் அஞ்சவேண்டியது வேறு. மன்றாட்டை எண்ணிக்கையாகவும் தயவைக் கையிருப்பாகவும் காட்டும் இவ்வமைப்பு, அவனுக்குப் புதியதாகத் தோன்றாது. இத்தனை நாள் உபவாசித்தால் வேலை நிரந்தரமாகும், இவ்வளவு காணிக்கை செலுத்தினால் விசா கிடைக்கும் என்னும் பேச்சை அவன் கூட்டங்களில் முன்னரே கேட்டிருக்கிறான். அவ்விதம் நடவாதபோது, 'உன் விசுவாசம் போதவில்லை' என்னும் தீர்ப்பையும் கேட்டிருக்கிறான். அத்தீர்ப்பு, எண்ணிக்கை குறைவு என்பதற்கு வேறொரு பெயரே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. சுற்றிலும் வீடுகளின் சுவர்களிலும் மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் அது படிந்தது. அங்குள்ளோர் குறைவாக மன்றாடினார்கள் என்று எந்த ஆயர் சொல்லத் துணிவார்? துணியாவிடில், நல்ல நாட்களிலும் அந்தக் கணக்கை நாம் போதிக்கலாகாது. மேலும், எண்ணெய் படிந்ததற்கு மனிதர் பொறுப்பேற்க வேண்டியிருக்க, துன்புற்றவரின் மன்றாட்டை அளந்து பார்ப்பது நீதியைக் கேட்கும் வாயை அடைப்பதாகும்.

இதனால், விண்ணப்பம் செய்வதே தவறு என நாம் கூறவில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கும்படி ஆண்டவரே கற்பித்தார். பிள்ளை தகப்பனிடம் கேட்பது வேறு. விலைகொடுத்துக் கொள்வது வேறு. பர்னபாவை யூப்பித்தர், அதாவது சீயஸ், என்றெண்ணி எருதுகளோடும் மாலைகளோடும் வந்த லீஸ்திரா மக்களிடம் அப்போஸ்தலர் கூறியதை நோக்குக (அப்போஸ்தலர் 14:8–18). தம்மை அறியாமல் தம் வழியே நடந்த மக்களுக்கும் கடவுள் மழையையும் செழிப்பான காலங்களையும் தந்துவந்தார் என்பதே அவர்கள் கொடுத்த சாட்சி. மன்றாட்டுக்கு முன்னரே ஈவு வந்துவிட்டது. தமிழ் வேதாகமம் தயவு என்னும் சொல்லையும் கிருபை என்னும் சொல்லையும் ஆள்கிறது. விளையாட்டின் தயவை எண்ணலாம். எண்ண முடியாததே கிருபை.

ஆகவே, வாலிபர் கூட்டங்களை நடத்தும் இறையியல் மாணவருக்கு நமது ஆலோசனை இது: இவ்விளையாட்டைத் தடைசெய்ய முயலாதீர்கள், ஒருமுறை அவர்களோடு அமர்ந்து ஆடிப்பாருங்கள். பின்னர், 'கோயிலருகே நிற்கும் அந்தக் கிராமத்தானுக்குத் தன் மன்றாட்டினால் கிடைத்தது என்ன?' என்று கேளுங்கள். அவர்கள் ஒன்றுமில்லை என்பார்கள். அதன்பின் நமது ஜெபக்கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி அதே வினாவைக் கேளுங்கள். அதற்கு அவர்கள் தரும் விடையை மறுத்துப் பேச அவசரப்படாமல், அதிலிருந்து அடுத்த ஞாயிற்றுப் பிரசங்கத்தை ஆயத்தம் செய்யத் தொடங்குங்கள்.